கிரில் பக்கம் கேஸ் வாடை: தோம்பா, ஹோஸா, பர்னரா?

செத்தாப்பாக்_வாசி
வணக்கம். வரும் சனிக்கிழமை மகளின் பிறந்தநாள். வீட்டு வாசலிலேயே பார்பிக்யூ போடலாம் என்று நண்பர் ஒருவரிடம் பழைய கேஸ் கிரில் வாங்கினேன். மூன்று பர்னர், கீழே கதவு வைத்த அலமாரி, அதற்குள் 14 கிலோ தோம்பு (கேஸ் சிலிண்டர்). இன்று மாலை சும்மா ஓட்டிப் பார்த்தேன். ரெகுலேட்டரைத் திறந்ததும் லேசான வாடை. பற்றவைத்த பிறகு தெரியவில்லை. அணைத்துவிட்டு உள்ளே போய்த் திரும்பி வந்தால் மறுபடி வாடை. மனைவிக்கு நன்றாகத் தெரிகிறது, எனக்குப் பாதிதான் தெரிகிறது. இப்போது ரெகுலேட்டரை மூடி வைத்திருக்கிறேன். கிரில் போர்ச்சில், காருக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி நிற்கிறது. வெளியில்தானே இருக்கிறது, காற்றே கொண்டுபோய்விடும் என்கிறார் மாமனார். அடுத்து என்ன செய்யட்டும்?

கெப்போங்காரன்
பக்கத்து வீட்டில் யாராவது டுரியான் உடைக்கிறார்களா என்று முதலில் பாருங்கள் 😀

தோம்புக்கடை (ஆயர் ஈத்தாம்)
தம்பி, மாமனார் சொல்வது திறந்த திடலுக்குப் பொருந்தும். வரிசை வீட்டுப் போர்ச் அப்படியில்லை. இரண்டு மூன்று பக்கம் சுவர், மேலே கூரை, முன்னால் லோங்காங் (சாக்கடை). நம் ஊர் சமையல் கேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. அது மேலே போகாது. தரையோடு படிந்து, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நகர்ந்து, பள்ளத்தில் போய் உட்காரும். உங்கள் கிரில்லில் அலமாரிக் கதவு வேறு இருக்கிறது, உள்ளேயே கொஞ்சம் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கேஸ் கலந்தாலே பொறி பட்டதும் பிடித்துக்கொள்ளும். மூக்குக்கு எட்டும் உயரத்தில் வாடை குறைவு என்றால் கணுக்கால் உயரத்திலும் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

மனைவிக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. கிரில் பக்கத்திலேயே நின்றவர் நீங்கள். அந்த வாடையில் கொஞ்ச நேரம் நின்றாலே மூக்கு மரத்துவிடும். புதிதாக வெளியே வருபவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

இன்றிரவுக்கு இவ்வளவு போதும். அலமாரிக் கதவையும் கிரில் மூடியையும் திறந்து விடுங்கள். பர்னர் குமிழ்கள் மூடியிருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். கால் மணி நேரம் கழித்து, இதுவரை வெளியே வராத யாரையாவது வரச்சொல்லி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வாடை இல்லையென்றால் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். நம் வீட்டுத் தோம்பு வாயில் ஸ்பிரிங் வைத்த ஊசி இருக்கிறது, ரெகுலேட்டர் எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும். அதன் மேல் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, நிமிர்த்தியபடியே நிழலில் வையுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், கார் பூட்டில் வேண்டவே வேண்டாம்.

மூடிய பிறகும் வாடை வந்துகொண்டே இருந்தால் அது வேறு கதை. அப்போது எதையும் கழற்றாதீர்கள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போங்கள்.

பழைய_போம்பா
ஐயா சொன்னதன் கடைசி வரியை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்தச் சமயத்தில்தான் ஆட்கள் தப்பு செய்வார்கள். போர்ச் விளக்கைப் போடாதீர்கள், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் பொறி இரண்டு பக்கமும் வரும். விசிறி, கொசு மட்டை எல்லாவற்றுக்கும் இதே பேச்சுத்தான். காரை வெளியே எடுத்துவிடலாம் என்று சாவியைத் திருப்புவார்கள், கூடாது. பலர் மறந்துபோவது ஆட்டோகேட், அதாவது ரிமோட்டில் திறக்கும் வாசல் கேட். மோட்டார் தரையை ஒட்டித்தான் இருக்கும், கேஸும் அங்கேதான் படிந்திருக்கும். ரிமோட்டை அழுத்தாமல் சின்னக் கதவு இருந்தால் அதன் வழியாகவோ பின்வாசல் வழியாகவோ போங்கள். வாசலில் சாமி விளக்கு எரிகிறதா, பக்கத்து வீட்டுச் சீனர் மேடையில் ஊதுபத்தி புகைகிறதா என்றும் பாருங்கள். கேஸ் இன்னும் அந்தப் பக்கம் எட்டவில்லை என்றால் அவர்களையும் எச்சரித்துக் கூட்டிப் போங்கள். போனை எடுப்பது நாலு வீடு தள்ளிப் போன பிறகு. 999 அடித்து, தீயணைப்பு என்று கேட்டு, முகவரியோடு பக்கத்தில் என்ன கடை, என்ன கோயில் என்றும் சொல்லுங்கள். நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) ஒரே பெயரில் 4, 4ஏ, 4பி என்று சாலைகள் இருக்கும், வண்டி சுற்றிக்கொண்டிருக்கும்.

செந்தூல்_தந்தூரி
இவ்வளவு பயம் தேவையா? நான் ராத்திரிக் கடை போடுகிறேன். எங்கள் ஆட்கள் லைட்டரைக் கொளுத்தி ஹோஸ் நெடுக ஓட்டிப் பார்ப்பார்கள். லீக் இருந்தால் அந்த இடத்தில் குட்டியாக ஒரு சுடர் நிற்கும், கண்டுபிடித்தாகிவிட்டது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு விஷயம், வீட்டு ரெகுலேட்டரில் கிரில் சரியாகச் சூடேறாது. ஹை பிரஷர் ரெகுலேட்டர் மாட்டுங்கள், கோழி கருகாமல் சாறோடு வரும்.

பழைய_போம்பா
குட்டிச் சுடர் நிற்பது லீக் குட்டியாக இருக்கும்போது. ஹோஸ் வெடித்திருக்கிறதா, லேசாகக் கசிகிறதா என்று கண்டுபிடிக்கத்தானே சோதனையே செய்கிறீர்கள்? எவ்வளவு கேஸ் ஏற்கெனவே காலடியில் கிடக்கிறது என்று தெரியாமல் கையில் நெருப்போடு குனிவதா? இதில் நான் விவாதத்துக்கு வரமாட்டேன்.

தோம்புக்கடை (ஆயர் ஈத்தாம்)
ஹை பிரஷர் பற்றி நான் சொல்கிறேன். தந்தூரி அண்ணன் கடை அடுப்பு அதற்கென்றே செய்தது, அதில் தவறில்லை. வீட்டுக் கிரில்லுக்கு வரும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார். சந்தையில் விற்கும் ஹை பிரஷர் ரெகுலேட்டரைத் திருகினால் ஒரு பாரையும் (1000 மில்லிபார்) தாண்டிப் போகும், முப்பது மடங்குக்கு மேல். கிரில் குமிழுக்குள் இருக்கும் வால்வும், அந்த மெல்லிய ஹோஸும், கிளிப்பும் அதைத் தாங்கச் செய்தவை அல்ல. எங்கள் கடைக்கு வரும் ‘திடீரென்று வாடை வருகிறது’ வகைப் புகார்களில் ரெகுலேட்டரைப் பார்த்ததுமே பாதி விடை தெரிந்துவிடும். தம்பி, உங்கள் கிரில்லில் என்ன ரெகுலேட்டர் இருக்கிறது? சிரிம் தர முத்திரை இருக்கிறதா?

செத்தாப்பாக்_வாசி
லோ பிரஷர்தான், சிரிம் முத்திரை இருக்கிறது. அமுக்கி மாட்டும் வகை, மேலே திருப்பும் குமிழ். கால் மணி கழித்து மகனை விட்டு முகரச் சொன்னோம், வாடை இல்லை என்றான். ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டுவிட்டேன். காலையில் சோப்பு நீர் போட்டுப் பார்க்கலாமா? எந்தச் சோப்பு?

ஜெலுத்தோங்_அக்கா
பாத்திரம் கழுவும் திரவம் போதும் தம்பி. சரிக்குச் சரி தண்ணீர் கலந்து, பழைய பெயின்ட் பிரஷ் இருந்தால் அதில் தொட்டுத் தடவுங்கள். ஸ்ப்ரே பாட்டிலைவிடப் பிரஷ்தான் இடுக்கில் ஏறும். குளோரின், அமோனியா சேர்ந்த துப்புரவுத் திரவம் மட்டும் வேண்டாம், பித்தளையை அரித்துவிடும்.

பிள்ளையை விட்டு முகரச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த தடவை பெரியவர் யாராவது போகட்டும்.

தோம்புக்கடை (ஆயர் ஈத்தாம்)
அக்கா சொன்னது சரி. நானும் ‘பெரியவர்’ என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சோதனை இப்படி. பகலில் செய்யுங்கள், கிரில்லைச் சுவரிலிருந்து இழுத்துத் திறந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். லோங்காங் பக்கம் வேண்டாம். முதலில் ரெகுலேட்டர் இல்லாமலே தோம்பு வாய்க்குள் கொஞ்சம் சோப்பு நீர் விடுங்கள். குமிழி எழும்பினால் ஊசி சரியாக மூடவில்லை, தோம்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான், மேலே எதுவும் பார்க்கத் தேவையில்லை. குமிழி இல்லையென்றால் துடைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பாருங்கள். ஒரு ரப்பர் வளையம் தெரியும். அது வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறதா, இருக்கிறதா என்றே பாருங்கள். சில தோம்பில் வளையமே இருக்காது.

பிறகு ரெகுலேட்டரை மாட்டுங்கள், பர்னர் குமிழ் எல்லாம் மூடியே இருக்கட்டும், ரெகுலேட்டரை மட்டும் திறங்கள். இப்போது ஹோஸில் கேஸ் நிற்கும், எங்கும் எரியாது. மாட்டிய இடம், ரெகுலேட்டரில் ஹோஸ் நுழையும் கிளிப், ஹோஸ் முழு நீளம், கிரில் பக்கத்துக் கிளிப், அங்கிருந்து குமிழ்களுக்குப் போகும் குழாய்ப் பொருத்துகள் என்று வரிசையாகத் தடவுங்கள். ஒவ்வொரு இடத்திலும் நிதானமாகப் பாருங்கள். பெரிய லீக் உடனே நுரைக்கும், சின்னது மெதுவாகத்தான் வரும். ஹோஸை லேசாக வளைத்தும் பாருங்கள், வளைத்தால் மட்டும் வாய் திறக்கும் வெடிப்புகள் உண்டு.

கெப்போங்காரன்
எலி கடித்த ஹோஸைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கம்பி வலை சுற்றிய ஹோஸ் வாங்குங்கள். இப்போது நிஜமாகவே உதவுகிறேன், சிரிக்கவில்லை.

செந்தூல்_தந்தூரி
அணைக்கும் வரிசை பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் பழக்கம் முதலில் தோம்பு, சுடர் தானாக அடங்கியதும் குமிழ். ஹோஸில் இருப்பதும் எரிந்து தீர்ந்துவிடும். என் மச்சான் வீட்டுக் கிரில் கையேட்டில் குமிழ் முதலில் என்று போட்டிருக்கிறது.

பழைய_போம்பா
சாதாரண நாளில் கையேடு சொல்வதைச் செய்யுங்கள், இரண்டும் கடைசியில் மூடினால் சரி. வாடை வந்தால் பேச்சே இல்லை, தோம்புதான் முதலில். கசிவு ஹோஸில் இருந்தால் குமிழை மூடி என்ன பயன்? கேஸ் வந்துகொண்டே இருக்குமே.

ஆனால் ரெகுலேட்டர் பக்கத்திலேயே தீ பிடித்திருந்தால், கை எட்டுகிற மாதிரி இருந்தால் மட்டும் மூடுங்கள். எட்டாது என்றால் விட்டுவிட்டு ஓடுங்கள். எரியும் கேஸைத் தண்ணீர் ஊற்றியோ சாக்கைப் போட்டோ அணைத்துவிட்டு, கசிவை நிறுத்த முடியாமல் நிற்பது எரிவதைவிட மோசம். சுடர் போய்விடும், கேஸ் போகாது, பரவிக்கொண்டே வரும், அடுத்த பொறியில் மொத்தமாகப் பிடிக்கும். தீ எரியும்போது ரெகுலேட்டரைக் கழற்ற முயல்வதும் வேண்டாம்.

பாலிக்பூலாவ்_பையன்
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மேலே கெப்போங் அண்ணன் டுரியான் என்று கேலி செய்தார். 2018இல் மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தையே காலி செய்தார்கள், கேஸ் கசிவு என்று நினைத்து. தேடிப் பார்த்தால் அலமாரியில் அழுகிய டுரியான். கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. நமக்குத் தெரிய வேண்டும் என்றே எத்தில் மெர்காப்டான் சேர்க்கிறார்கள். அதே பொருள் டுரியானிலும் இயற்கையாக இருக்கிறது. எங்கள் ஊரில் சீசன் சமயத்தில் எந்த வாடை எது என்று ஒருவரும் கவலைப்பட மாட்டார்கள், அது வேறு.

அப்புறம் ஒரு சந்தேகம். 2025 ஏப்ரல் 1இல் புத்ரா ஹைட்ஸில் கேஸ் குழாய் தீப்பிடித்தது போல ஆகுமா? என் அம்மா அதிலிருந்து தோம்பைப் பார்த்தாலே பதறுகிறார்.

தோம்புக்கடை (ஆயர் ஈத்தாம்)
அம்மாவுக்குச் சொல்லுங்கள், அது நிலத்துக்கடியில் போகும் பெரிய குழாய், இயற்கை எரிவாயு. தோம்பில் வருவது வேறு. இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசு, மேலே ஏறும். சில கொண்டோக்களில் சமையலறைக்குக் குழாயில் வருவதும் அதுதான். அதனால்தான் கேஸ் டிடெக்டர் வாங்கும்போது எந்தக் கேஸுக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். இயற்கை எரிவாயு என்றால் கூரை பக்கம், தோம்பு என்றால் தரைக்குப் பக்கம் மாட்ட வேண்டும். வாசல் கிரில்லுக்கு டிடெக்டர் வாங்காதீர்கள், வெளிக் காற்றில் அதை நம்ப முடியாது.

செத்தாப்பாக்_வாசி
காலையில் செய்து பார்த்தேன். தோம்பு வாயில் குமிழி இல்லை. ரெகுலேட்டர் மாட்டித் திறந்ததும், மாட்டிய இடத்தில் ஒரு பக்கம் மட்டும் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. துடைத்தேன், மறுபடி அதே இடத்தில் வந்தன. ரெகுலேட்டரைத் திருப்பி மாட்டினாலும் தோம்பின் அதே பக்கம்தான். மூடிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன், ரப்பர் வளையத்தில் நகம் நுழைகிற அளவு வெடிப்பு. ஹோஸ் முழுதும் சரி, கிளிப்புகள் சரி.

வளையம் கடையில் தனியாகக் கிடைக்குமா? தோம்பில் பாதிக்கு மேல் கேஸ் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

தோம்புக்கடை (ஆயர் ஈத்தாம்)
கட்டுப்பாட்டு விலையில் முழுத் தோம்பே 26 வெள்ளி 60 சென். கிலோ 1 வெள்ளி 90 சென். கொண்டுவரும் கூலி தனி. இதில் பாதியை மிச்சப்படுத்த வளையம் வாங்கி ஊசியால் குத்தி எடுத்துப் போடுவது வேண்டாம். அந்த வளையத்துக்குக் கீழேயே ஊசி இருக்கிறது, குத்தும்போது அழுத்திவிட்டால் முகத்தில் அடிக்கும். வாங்கிய கடைக்குப் போன் செய்யுங்கள், லீக் என்று சொன்னால் வந்து மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு. வரும் பையனிடம் மாட்டிக் காட்டச் சொல்லி, சோப்பு நீரும் போடச் சொல்லுங்கள்.

ரெகுலேட்டரை மூடிய பிறகுதான் டார்ச் அடித்தீர்கள், சரி. ஆனால் டார்ச்சைத் தூரத்திலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தால் இன்னும் நல்லது.

ஜெலுத்தோங்_அக்கா
கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நான் ஒவ்வொரு முறையும் வாசலில் வைத்தே வளையத்தைப் பார்ப்பேன். ‘ஆன்ட்டி வந்துவிட்டார், டார்ச்சை எடு’ என்று அந்தப் பையனே இப்போது சிரிக்கிறான்.

செத்தாப்பாக்_வாசி
தோம்பு மாற்றியாகிவிட்டது. பையன் முன்னாலேயே சோப்பு நீர் போட்டோம், எங்கும் குமிழி இல்லை. ஆனால் பற்றவைத்தால் இடது பர்னர் மட்டும் சரியில்லை. மற்ற இரண்டும் நீலமாக எரிகின்றன, இது மஞ்சளாக, பாதி நீளம்தான் எரிகிறது. குமிழ் இருக்கும் தகட்டுக்குப் பின்னால் ‘பப்’ என்று ஒரு சத்தம், அங்கே லேசாகச் சூடு. உடனே அணைத்துவிட்டேன். வாடையும் கொஞ்சம் இருந்தது. இது வேறு லீக்கா?

தோம்புக்கடை (ஆயர் ஈத்தாம்)
அணைத்தது நல்லது. அதை இனி பற்றவைக்க வேண்டாம், மற்ற இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இது கசிவு இல்லை, அடைப்பு. குமிழிலிருந்து வரும் கேஸ் பர்னர் குழாயின் வாய்க்குள் போகும்போது பக்கத்துத் திறப்பு வழியாகக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். நாள்பட நின்ற கிரில்லில் அந்தக் குழாய்க்குள் சிலந்தி வலை பின்னும். நம் ஊரில் குளவி மண்ணும் வைக்கும். கேஸ் முன்னே போக வழியில்லாமல் பின்னால் திரும்பி, தகட்டுக்குப் பின்னால் எரியும். புது ஹோஸே போட்டாலும் இது போகாது, சோப்பு நீருக்கும் தெரியாது.

ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, கிரில் நன்றாக ஆறிய பின் தட்டுகளை எடுங்கள். பர்னர் பின்பக்கம் ஒரு திருகாணியிலோ ஊசியிலோ நிற்கும், தூக்கினால் வந்துவிடும். பாட்டில் கழுவும் நீள பிரஷ் உள்ளே விட்டு இழுங்கள். துளைகளைக் கம்பியால் மெதுவாகக் குத்தலாம், பெரிதாக்கிவிடாதீர்கள். திரும்ப வைக்கும்போது குழாய் வாய் அந்தச் சின்னப் பித்தளை முனைக்கு மேலே சரியாக உட்கார வேண்டும். வெளியே தொங்கினால் அது நிஜமான லீக்.

செத்தாப்பாக்_வாசி
இடது குழாயில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒரு கூடு, அதற்குப் பின்னால் காய்ந்த மண். மூன்றையும் கழுவி வெயிலில் காயவைத்துப் பூட்டினேன். இப்போது மூன்றும் நீலம், சத்தமில்லை, மனைவிக்கும் வாடை இல்லை.

பழைய_போம்பா
நல்லது. பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்கட்டும், மூடி வைத்துப் பற்றவைத்தால் உள்ளே சேர்ந்த கேஸ் மொத்தமாகப் பிடித்து முகத்துக்கு வரும். சில நொடியில் பிடிக்கவில்லையென்றால் மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள், டிக் டிக் என்று விடாமல் அழுத்தாதீர்கள். கிரில் சுவரை ஒட்ட வேண்டாம், கூரைக்கு வெளியே வந்துவிடட்டும். பலூன்களைத் தள்ளிக் கட்டுங்கள்.

ஜெலுத்தோங்_அக்கா
ஸ்டீம்போட்டுக்கு அந்தச் சின்னக் கேன் அடுப்பும் எடுப்பீர்களோ? அதன் மேல் பெரிய இரும்புத் தட்டு வைத்துச் சுடாதீர்கள். தட்டு கேன் பக்கம் வரை நீண்டால் கேன் சூடேறி வெடிக்கும்.

செத்தாப்பாக்_வாசி
கேன் அடுப்பு இல்லை அக்கா. ஒரே ஒரு கேள்வி பாக்கி. அன்று ஆட்கள் அதிகம், நடுவில் தீர்ந்துவிட்டால் என்று இன்னொரு தோம்பு எடுத்து வைக்கலாமா? நேரம் போகப் போகத் தோம்பின் கீழ்ப்பாதி வியர்த்து ஜில்லென்று ஆகிறது, அதுவும் கசிவா?

தோம்புக்கடை (ஆயர் ஈத்தாம்)
இல்லை. உள்ளே திரவம் கேஸாக மாறும்போது சூட்டை இழுக்கும், அதனால் வியர்க்கும். வியர்வை எந்த உயரம் வரை இருக்கிறதோ கேஸ் அவ்வளவு பாக்கி, கணக்குக்கும் உதவும். ஏதாவது பொருத்தில் மட்டும் தனியாகப் பனி பிடித்தால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும். சூடேற்ற வெந்நீர் ஊற்றாதீர்கள்.

இரண்டாவது தோம்பு எடுங்கள், ஆனால் கிரில் அலமாரிக்குள் வைக்காமல் வீட்டுப் பக்கவாட்டில் நிழலில், மூடியோடு, நிமிர்த்தி வையுங்கள். மாற்றும்போது மூன்று பர்னரையும் அணைத்து, பக்கத்தில் பிள்ளைகள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டியதும் சோப்பு நீர். பிரஷையும் கிண்ணத்தையும் இப்போதே கலந்து ஓர் ஓரத்தில் வைத்துவிடுங்கள், அன்று தேட நேரம் இருக்காது.

கெப்போங்காரன்
எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்கவில்லையே.